ஒரே குழாய், மூன்று அடுப்பு: தண்ணீர்க் கட்டணத்தில் எது நியாயம்?

காலடிப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் கீழே இரண்டு, மாடியில் ஒன்று என மூன்று குடித்தனம். மொத்தம் பதினைந்து பேர், ஒரே குடிநீர் இணைப்பு. மீட்டர் வைத்து, அதிகம் செலவழிக்கிறவர்களிடம் அதிக விலை வாங்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தண்ணீரைச் சேமிக்க அதுதான் நியாயமான வழி என்கிறார்கள். உண்மையா? தண்ணீருக்கு விலை எப்படித்தான் போடுகிறார்கள்?"

கேள்வி விலையைப் பற்றியதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் கவலை வேறு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, குடம் குடமாகப் பிடித்து, ஒரு சொம்பைக்கூட வீணாக்காமல் புழங்குகிற குடும்பங்கள், ஒரே கூரையின் கீழ் நெருக்கமாக வாழ்கிற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா? நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் பல ஆண்டுகள் நகராட்சிக் குடிநீர்த் திட்டங்களின் வரவு செலவுக் கணக்கும் கட்டண முன்மொழிவும் தயாரித்தவன். சென்னைக் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்ததில்லை, அதனால் அவர்கள் உள்ளுக்குள் என்ன யோசிக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. உங்களைப் போல வடசென்னையில், தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன், எங்கள் தெருவிலும் உங்கள் நிலைமைதான். சுருக்கமாகச் சொன்னால் உங்கள் பயம் நியாயமானது. அளவு கூடக் கூட லிட்டர் விலையும் ஏறுவதைப் படிநிலைக் கட்டணம் என்பார்கள். அதை யோசிக்காமல் போட்டால், நெருக்கடியான வீட்டைத்தான் முதலில் அடிக்கும். அதைத் தவிர்க்க வழியும் இருக்கிறது. ஒரு இணைப்புக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதை முதலில் எண்ணிவிட்டு, அப்புறம்தான் விலையில் கை வைக்க வேண்டும்.

முதலில் விலை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். எந்த ஊர்க் குடிநீர் நிறுவனமும் ஆண்டுக்கு எவ்வளவு பணம் தேவை என்பதில்தான் தொடங்கும். பம்புகளுக்கான மின்சாரம், படிகாரம், குளோரின், சம்பளம், ஓய்வூதியம், குழாய் உடைந்தால் பழுதுபார்ப்பு, வாங்கிய கடனுக்கு அசலும் வட்டியும், பழைய குழாயை மாற்ற ஒதுக்க வேண்டிய தொகை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு. இந்த மொத்தத்திலிருந்து அரசு தரும் மானியத்தைக் கழித்தால், மிச்சம் மக்களிடமிருந்து வர வேண்டியது. அதை வீடு, கடை, தொழிற்சாலை என்று பிரிப்பது இரண்டாவது வேலை. வீட்டின் பங்கை நிலையான தொகையாக வாங்குவதா, லிட்டர் கணக்கில் வாங்குவதா, படிப்படியாக ஏற்றுவதா என்பது மூன்றாவது. சண்டையெல்லாம் இந்த மூன்றாவதில்தான் நடக்கும். ஆனால் தவறு பெரும்பாலும் முதல் இரண்டில் நடந்திருக்கும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குடிநீர் நிறுவனத்தின் செலவில் பெரும்பகுதி, நீங்கள் தண்ணீர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆகிற செலவு. ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் ஏறினாலும் எட்டுப் பேர் ஏறினாலும் தவணைப் பணமும் டிரைவர் கூலியும் மாறாது, அந்த மாதிரி. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய் செலவு, அதில் 80 மாறாதது, 20 மட்டும் தண்ணீரின் அளவோடு ஏறி இறங்குவது. வருமானம் முழுவதும் லிட்டர் கணக்கில் வருகிறது. மக்கள் பொறுப்பாகப் பத்து சதவீதம் குறைத்துவிட்டார்கள். வருமானம் 90 ஆகிவிடும், செலவோ 98-க்குத்தான் இறங்கும். பள்ளத்தை நிரப்ப விலையை ஏறக்குறைய 9 சதவீதம் ஏற்றியாக வேண்டும். "சேமிக்கச் சொன்னீர்கள், சேமித்தோம், இப்போது விலையை ஏற்றுகிறீர்களே" என்று பல ஊர்களில் மக்கள் கொதித்தது இதனால்தான். அவர்கள் கோபத்தில் தப்பில்லை. முன்கூட்டியே எடுத்துச் சொல்லாததுதான் தப்பு. மாறாத செலவில் ஒரு பகுதியை மாறாத கட்டணமாக வாங்கினால் இந்த ஆட்டம் குறையும். ஆனால் அந்த மாறாத கட்டணம் பெரிதாகிவிட்டால், குறைவாகப் புழங்குகிற ஏழை வீட்டுக்கு லிட்டருக்கு அதிக விலை விழும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கொஞ்சம் கெடும். இதற்கு முழுத் தீர்வு எங்கும் இல்லை.

அப்படியானால் சேமிப்பதில் லாபமே இல்லையா? சென்னையில் இருக்கிறது, நிச்சயமாக. இந்த ஊரின் தண்ணீர் எல்லாம் ஒரே விலைத் தண்ணீர் அல்ல. புழல் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு வருவது பெரும்பாலும் சரிவிலேயே ஓடி வருகிற, மலிவான தண்ணீர். 1872-லிருந்தே புழல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது, கீழ்ப்பாக்கம் நிலையம் 1914-ல் வந்தது. அது போதாமல் போனபோது 1996-ல் கண்டலேறு வழியாகக் கிருஷ்ணா தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. அதுவும் போதாமல் 2004-ல் வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். கடைசியில் கடல். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய நிலையம் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டது. மணலி, எண்ணூர், திருவொற்றியூர், மாதவரம் என்று நம் பக்கத்துக்காகவே வந்தது. கடல் நீரைச் சவ்வு வழியாக அழுத்திக் குடிநீராக்க, ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் மின்சாரத்துக்கு மட்டுமே 21 முதல் 28 ரூபாய். காட்டுப்பள்ளி ஒப்பந்தத்தில் போட்ட விலையே ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய்க்கு மேல். ஆகவே இந்த ஊரில் ஒருவர் மிச்சம் பிடிக்கிற கடைசி ஆயிரம் லிட்டர், கணக்குப்படி பார்த்தால், கடல் தண்ணீர். அதைவிடப் பெரிய லாபம், அடுத்த நிலையத்தைக் கட்டாமல் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. நெம்மேலியில் இரண்டு நிலையங்கள் வந்துவிட்டன, பேரூரில் ஒரு நாளைக்கு 40 கோடி லிட்டருக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். இவற்றுக்கு வாங்குகிற கடனை நம் பிள்ளைகளும் சேர்ந்து கட்டுவார்கள். சேமிப்புக்கு விலையில் ஒரு அடையாளம் இருக்க வேண்டும் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

அடுத்து, உங்கள் வீட்டுக்கு வருவோம். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் இல்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அது நெடுங்காலம் 50 ரூபாயாக இருந்து பிறகு ஏறியது. மீட்டர் உள்ள வீடுகளுக்கு அதே நெடுங்காலத்தில் ஒரு படிநிலை அட்டவணை இருந்தது. முதல் பத்தாயிரம் லிட்டர் வரை ஆயிரத்துக்கு 2 ரூபாய் 50 காசு, 11 முதல் 15 ஆயிரம் வரை 10 ரூபாய், 16 முதல் 25 ஆயிரம் வரை 15 ரூபாய், அதற்கு மேல் 25 ரூபாய். அந்தத் தொகைகள் பழையவை. படிகளின் அமைப்பு என்ன செய்யும் என்று காட்ட அதையே வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

உங்கள் மூன்று குடித்தனத்தில் ஒவ்வொன்றும் மாதம் பத்தாயிரம் லிட்டர் புழங்குவதாக வைப்போம். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 67 லிட்டர்கூட முழுதாக வராது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் பொறியியல் வழிகாட்டி சொல்லும் அளவு 135 லிட்டர், பெருநகரங்களுக்கு 150. அதாவது நீங்கள் ஏற்கெனவே பாதியில் வாழ்கிறீர்கள். ஆனால் மீட்டருக்கு இது தெரியாது. அது 30 ஆயிரம் லிட்டர் என்று ஒரே எண்ணைக் காட்டும். முதல் பத்துக்கு 25 ரூபாய், அடுத்த ஐந்துக்கு 50, அடுத்த பத்துக்கு 150, கடைசி ஐந்துக்கு 125, ஆக மொத்தம் 350 ரூபாய். இதே ஊரில் பெரிய தனி வீட்டில் கணவன் மனைவி இரண்டே பேர், செடிகொடிக்கும் காருக்குமாகச் சேர்த்து 15 ஆயிரம் லிட்டர் செலவழிக்கிறார்கள் என்று வைப்போம். ஆளுக்கு நாளைக்கு 250 லிட்டர். அவர்கள் கட்டுவது 25-ம் 50-ம் சேர்த்து 75 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு அவர்களுக்கு 5 ரூபாய், உங்களுக்குப் பதினொன்றரை ரூபாய்க்கும் மேல். சிக்கனமாக வாழ்கிறவர் இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுக்கிறார். அட்டவணை போட்டவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே இது நடக்கும். அவர் இணைப்பை எண்ணினார், ஆட்களை எண்ணவில்லை.

இது சென்னைக்கு மட்டுமான சிக்கல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2001 முதல் வீட்டுக்கு மாதம் ஆறாயிரம் லிட்டர் இலவசம் என்று கொண்டுவந்தார்கள். எட்டுப் பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 25 லிட்டர் என்ற கணக்கு அது. ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோ பகுதி மக்கள், ஒரே மனைக்குள் பல குடும்பங்கள் இருப்பதால் இது போதவில்லை, ஆளுக்கு 50 லிட்டர் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2009-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் நகராட்சியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டெல்லியில் வீட்டுக்கு மாதம் 20 ஆயிரம் லிட்டர் வரை கட்டணமில்லை, ஆனால் அதைத் தாண்டினால் முழு அளவுக்கும் கட்ட வேண்டும். இருபதாயிரத்தில் நிற்கிற வீட்டுக்குப் பில் பூஜ்யம், ஒரு பக்கெட் கூடினால் முழுப் பில். எண்ணைத் திருத்திக் காட்டச் சொல்லித் தூண்டுகிற அமைப்பு இது. படி ஏறுகிற இடம் சாய்தளமாக இருக்க வேண்டும், கிணற்று விளிம்பாக இருக்கக் கூடாது.

மின்வாரியத்தை வைத்து நமக்கே இதில் நல்ல அனுபவம் இருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்றதும் ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் வாங்க ஓடினார்கள். யாருக்கு முடிந்தது? சொந்த வீட்டுக்காரருக்கு. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் சொன்ன விலையை யூனிட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரிலும் அதுவே நடக்கும். அடுக்குமாடியில் ஃப்ளாட் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்கில் வருகிறது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டையில் உள்ள ஒண்டுக்குடித்தன வீடு, சொத்துவரி ஏட்டில் ஒரே எண்ணில் இருந்தால், ஒன்றாகத்தான் தெரியும்.

சரி, எப்படிப் போட்டால் நியாயம்? நான் கட்டணம் வகுத்தால் முதல் படியின் அளவை இணைப்புக்கு என்று வைக்க மாட்டேன், குடித்தனத்துக்கு என்று வைப்பேன். மூன்று குடித்தனம் என்றால் எல்லாப் படிகளும் மூன்றால் பெருகும். உங்கள் 30 ஆயிரம் லிட்டரும் அப்போது முதல் படிக்குள்ளேயே அடங்கிவிடும். குடும்ப அட்டையைக் கொண்டு இதைச் சரிபார்க்க முடியும். பொய்க் கணக்கும் கொஞ்சம் வரத்தான் செய்யும், வரட்டும். பத்துப் பேர் ஏமாற்றுவதைத் தடுக்க நூறு நெருக்கடி வீடுகளைத் தண்டிப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவதாக, படிகள் இரண்டோ மூன்றோ போதும். நாலைந்து படி வைத்தால் யாருக்கும் தன் பில் எப்படி வந்தது என்று தெரியாது, தெரியாத விலை யாரையும் சேமிக்க வைக்காது. மூன்றாவதாக, மேல் படி உண்மையான செலவைத் தொட வேண்டும். மேலே சொன்ன பழைய அட்டவணையில் உச்சப் படியே 25 ரூபாய், கடல் தண்ணீரின் ஒப்பந்த விலையில் ஏறக்குறைய பாதி. ஆகப் பெரிய செலவாளிக்கும் மானியம் போய்க்கொண்டிருந்தது என்று அதற்கு அர்த்தம். பெங்களூரில் 2014-ல் போட்ட அட்டவணையில் முதல் எட்டாயிரம் லிட்டருக்கு ஆயிரத்துக்கு 7 ரூபாயும் 50 ஆயிரத்துக்கு மேல் 45 ரூபாயும் இருந்தன. அந்த இடைவெளி பரவாயில்லை.

இதற்கு எதிரான கருத்தும் இருக்கிறது, நான் மதிக்கிற கருத்து. படியே வேண்டாம், எல்லா லிட்டருக்கும் ஒரே விலை வையுங்கள், ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் மாதாமாதம் ஒரு தொகையைக் கழித்துக் கொடுங்கள் என்கிறார்கள். கூட்டு இணைப்புச் சிக்கல் இதில் அடிபட்டுப் போகும், கணக்கும் எளிது. இணைப்பே இல்லாமல் லாரித் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு அந்தத் தள்ளுபடி எப்படிப் போய்ச் சேரும் என்ற இடத்தில்தான் எனக்குத் தயக்கம். இரண்டில் எது நம் ஊருக்குச் சிறந்தது என்பதில் நான் உறுதியாக இல்லை. இணைப்பை மட்டும் எண்ணுகிற படிநிலை இரண்டையும்விட மோசம் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

பலரும் கவனிக்காத ஒன்று, தண்ணீருக்கு நாம் கொடுப்பது மாதக் கட்டணம் மட்டுமல்ல. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரியாகப் போகிறது, அரையாண்டுக்கு ஒருமுறை. போட் கிளப் பங்களாவுக்கும் கொருக்குப்பேட்டை ஓட்டு வீட்டுக்கும் இதில் பெரிய வித்தியாசம் வரும். மாறாத செலவை வசதிக்கு ஏற்ப வாங்க இது நல்ல கருவி. மீட்டர் வரும்போது "இனி வரி எதற்கு" என்று குரல் எழும், முதலில் எழுவது பெரிய வீடுகளிலிருந்துதான். அந்தக் குரலோடு நாம் சேர்ந்துவிடக் கூடாது. வரி போனால் அந்தப் பணம் லிட்டர் விலையிலோ மாதக் கட்டணத்திலோ வந்து ஏறும், அதன் பாரம் நம் பக்கம் சாயும்.

இப்போது மீட்டர். மீட்டர் இல்லாமல் சேமிப்புக்கான கட்டணம் என்று எதுவும் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நம் பக்கத்தில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. சில மணி நேரம் வரும், அப்புறம் குழாய் காலி. காலிக் குழாயில் காற்று நிற்கும். மறுபடி தண்ணீர் திறக்கும்போது அந்தக் காற்று முன்னால் தள்ளப்பட்டு வரும். குழாய்க்குள் சின்னச் சக்கரம் சுற்றி அளக்கிற சாதாரண மீட்டர், காற்றுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் பார்க்காது. தண்ணீர் வரும் நேரத்தில் குழாய் முதலில் உஸ்ஸென்று ஊதுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஊதலில் மீட்டர் சக்கரம் விறுவிறுவென்று ஓடுவதை நான் குனிந்து பார்த்திருக்கிறேன், ஒரு சொட்டு கூட விழுந்திருக்காது. இன்னொரு பக்கம், சம்ப்பில் மிதவை வால்வு பாதி மூடி நூல் மாதிரி ஒழுகி நிரம்பும்போது, அதே சக்கரம் அசையாமல் நிற்கும். ஆக, பழைய வகை மீட்டர் ஒரு வீட்டில் கூட்டிக் காட்டும், இன்னொரு வீட்டில் குறைத்துக் காட்டும். மீயொலியாலோ மின்காந்தத்தாலோ அளக்கிற மீட்டர்கள் காலிக் குழாயை அடையாளம் காணும், நுணுக்கமான ஓட்டத்தையும் பிடிக்கும், விலைதான் அதிகம். மீட்டருக்கு முன்னால் காற்று வெளியேற்றும் வால்வு வைப்பதும் உதவும். எங்கள் பகுதியில் எந்த வகை வைக்கப் போகிறீர்கள் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். முதல் ஆறு மாதமாவது மீட்டர் எண்ணைக் காட்டும் பில்லும் பழைய தொகையும் ஒன்றாக வர வேண்டும், பணம் பழையதுதான் கட்ட வேண்டும். தன் அளவு என்ன என்று வீட்டுக்குத் தெரிந்த பிறகு விலை ஏறினால்தான் அது நியாயமான விளையாட்டு.

விலை ஏறினால் தண்ணீர் உண்மையிலேயே மிச்சமாகுமா என்று கேட்பீர்கள். பல நாடுகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், விலை பத்து சதவீதம் ஏறினால் வீட்டுப் பயன்பாடு இரண்டு முதல் நாலு சதவீதம் வரை குறைகிறது. சின்ன விளைவு, ஆனால் உண்டு. இந்த எண்ணைச் சென்னைக்கு அப்படியே பொருத்த எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஊர்களில் குழாய் ஒன்றுதான் வழி. இங்கே குழாய், போர், லாரி, கேன் என்று நாலு வழி. தென்சென்னையில் நல்ல நிலத்தடி நீர் உள்ள இடத்தில் குழாய்த் தண்ணீரின் விலையை ஏற்றினால், மோட்டாரைப் போட்டு போர் தண்ணீரை எடுப்பார்கள். மீட்டரில் சேமிப்புத் தெரியும், பூமிக்கு அடியில் நஷ்டம் நடக்கும். நம் பக்கத்துக்கு அந்த வழியும் இல்லை. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூரைச் சுற்றிய கிணற்று வயல்களிலிருந்து 1960-களின் கடைசியிலிருந்து நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இறைத்து இறைத்து, கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. போர் போட்டால் உப்பு. அதனால் இங்கே விலை ஏறினால் குடும்பம் குறைப்பது குளிப்பதையும் துவைப்பதையும்தான். 67 லிட்டரில் வாழ்கிறவரிடம் சேமிப்பைத் தேடுவது தவறான இடத்தில் தேடுவது.

எங்கே தேட வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலேயே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. நல்ல தண்ணீர் கிடைப்பது அரிதாகவும் விலை அதிகமாகவும் ஆனபோது அவர்களுக்கு அது கட்டுப்படியாகியது. 2019-ல் கொடுங்கையூரில் ஒரு நாளைக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சவ்வு வழியாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையம் வந்தது. அந்த அளவு நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிச்சம். பெரிய நுகர்வோருக்குச் சரியான விலை வைத்தால் சேமிப்பு கோடி லிட்டர் கணக்கில் வருகிறது. கொடுங்கையூர்க் கழிவுநீரின் நாற்றத்தை இத்தனை ஆண்டுகள் சுமந்தவர்கள் நாம். அதிலிருந்து பிறக்கிற தண்ணீர் விற்ற வருமானத்தில் ஒரு பங்கு இங்குள்ள பழைய குழாய்களை மாற்றப் போக வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பழைய குழாய் என்றதும் கசிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜார்ஜ் டவுன் பக்கம் நூறு ஆண்டு தாண்டிய இரும்புக் குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. தண்ணீர் நிற்கும் நேரத்தில் விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே வருவதும் அதனால்தான். கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993-ல் கணக்கில் வராத தண்ணீர் 72 சதவீதம். எல்லா இணைப்புக்கும் மீட்டர், திருட்டு இணைப்பு ஒழிப்பு, கசிவைத் தேடிப் பிடிக்கும் குழுக்கள் என்று விடாமல் வேலை செய்து பதினைந்து ஆண்டுகளில் அதை 6 சதவீதத்துக்கு இறக்கினார்கள். விலையையும் ஏற்றினார்கள், ஆனால் குழாயில் தண்ணீர் நாள் முழுக்க வரத் தொடங்கியிருந்தது, மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். முதலில் தண்ணீர், அப்புறம் விலை என்ற அந்த வரிசைமுறையைத்தான் நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுச் செலவாகப் பார்த்தாலும் அதில் அர்த்தம் இருக்கிறது. 20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டர் 1,750 ரூபாய். வாரம் இரண்டு கேன் வாங்குகிற குடும்பத்துக்கு மாதம் 300 ரூபாய். குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடிந்தால், வாரியம் இன்னும் நூறு ரூபாய் கேட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு லாபம்தான். வாரியத்தின் விலை குறைவாக இருப்பதால் நாம் மலிவாகத் தண்ணீர் குடிக்கிறோம் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

வறட்சிக் காலத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் வைப்பதைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்படிப்பட்ட நிலைமைக்கு. நகருக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் இருப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் மேல் படிக்கு மட்டும் இவ்வளவு கூடும் என்று மழைக்காலத்திலேயே அறிவித்து வைத்தால் சரி. குழாயில் தண்ணீரே வராத மாதத்தில் திடீரென்று விலையை ஏற்றினால் யாரும் கட்ட மாட்டார்கள், கட்டவும் வேண்டியதில்லை.

உங்களால் இப்போதே செய்ய முடிந்தது இரண்டு. ஒன்று, வீட்டுக்குள் கசிவைப் பாருங்கள். இரவு எல்லோரும் படுத்த பிறகு மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள், காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, பெரும்பாலும் கழிவறை ஃப்ளஷ் தொட்டியின் ரப்பர் வாஷர். மீட்டர் வந்த பிறகு மூன்று குடித்தனமும் பில்லை எப்படிப் பிரிப்பது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். ஆள் கணக்கில் பிரிப்பதுதான் சண்டை குறைந்த வழி.

இரண்டு, மீட்டர் வருவதற்கு முன்பே எண்ணிக்கையைப் பதிவு செய்யுங்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்தோடு குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். சொத்துவரி எண், இணைப்பு எண், எத்தனை சமையலறை, எத்தனை குடும்ப அட்டை, எத்தனை பேர், இவ்வளவும் அதில் இருக்கட்டும். குடும்ப அட்டைகளின் நகல், ஒவ்வொரு குடித்தனத்தின் மின்சார மீட்டர் தனியாக இருந்தால் அந்த எண்ணும் இணையுங்கள். கட்டண அளவை இணைப்புக்கு ஒன்றாக வைக்காமல் குடித்தனத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும் என்று ஒரே வரியில் கோருங்கள். உங்கள் தெருவில் இதே நிலையில் உள்ள வீடுகள் தனித்தனியாக, ஆனால் ஒரே வாரத்தில் கொடுங்கள், வார்டு உறுப்பினருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். தெருவில் உள்ள பொதுக் குழாயையும் அடிபம்பையும் மீட்டர் வந்ததும் எடுத்துவிடக் கூடாது என்பதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். சம்ப் கட்ட இடமில்லாத வீடுகளுக்கு அதுதான் குழாய். மனு கொடுத்ததற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.